கண்டக்டர் நெவ்யானாவின் காலிக் கட்டம்

நெவ்யானா டிராகோயேவா நாற்பத்து நான்காவது வயதில் மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்று அவளுடைய அண்ணி ஸ்விலேனா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். சொன்னதில் பாதி உண்மை. பள்ளிக்கூடம் ஸ்விலேனாவின் சமையலறை மேசை. பாடம் வட்டம், சதுரம், முக்கோணம். கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும், மூடிவிட வேண்டும், எது எங்கே இருந்தது என்று வெற்றுத் தாளில் வரைந்து காட்ட வேண்டும். ஆறேழு வயதுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்கிற காரியம். நெவ்யானாவுக்கு மட்டும் அது வயிற்றுப்பாடாகிவிட்டது.

அவள் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ்ஸில் கண்டக்டர். துறைமுகத்துக்கும் ட்ருஷ்பா குடியிருப்புக்கும் நடுவே போய்வரும் வண்டியில், தோல்பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவள். அந்த வருஷம் கம்பெனி வண்டிக்கு வண்டி டிக்கெட் மெஷின் வாங்கி மாட்டியது. ஈஸ்டருக்குப் பிறகு கண்டக்டர் என்று ஒரு வேலையே கிடையாது என்று அறிவித்தது. டிரைவர்களுக்கோ பஞ்சம், இருந்தவர்களில் பாதிப் பேர் ஜெர்மனிக்கு லாரி ஓட்டப் போய்விட்டார்கள். அதனால் விருப்பமுள்ள கண்டக்டர்கள் டிரைவராகலாம், பயிற்சிச் செலவு கம்பெனியுடையது என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்னால் சைக்கோ டெஸ்ட்டில் தேற வேண்டும்.

பேரைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. பைத்தியமா என்று பார்க்கிற சோதனை அல்ல அது. விளக்கு எரிந்ததும் காலை அழுத்த வேண்டும், மணியடித்தால் கையை எடுக்க வேண்டும், சட்டென்று கோபம் வருமா என்று வளைத்து வளைத்துக் கேட்பார்கள். இதிலெல்லாம் நெவ்யானா அசத்திவிட்டாள். விழுந்தது ஒரே இடத்தில். ஒன்பது கட்டம் போட்ட பலகை ஒன்றைக் காட்டுவார்கள், கட்டத்துக்கு ஓர் உருவம். கண் இமைப்பதற்குள் எடுத்துவிடுவார்கள். எந்தக் கட்டத்தில் எது என்று வரைய வேண்டும். அது முடிந்ததும் அடுத்த பலகை. ஒன்பதில் ஏழு சரியாக இருந்தால் போதும். இலையுதிர்காலத்தில் போனாள், தோற்றாள். டிசம்பரில் போனாள், இன்னும் கேவலமாகத் தோற்றாள். மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் தோற்றால் பையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வீட்டில் உட்காரும் வசதி அவளுக்கு இல்லை. கணவன் வென்ட்சி ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்குப் போன புதிதில் பணம் அனுப்பினான், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அட்டை அனுப்பினான், பிறகு அதுவும் நின்றுவிட்டது. மகள் இலியானா வர்னாவில் நர்ஸ் படிப்பு. நாற்பது தாண்டிய பெண்ணுக்கு இந்த ஊரில் என்ன வேலை இருக்கிறது? இத்தாலிக்குப் போய் யாரோ பணக்காரக் கிழத்துக்குக் கால் பிடித்துவிடலாம். அவளோடு வேலை பார்த்த இரண்டு பேர் பெட்டி கட்டிவிட்டார்கள். நெவ்யானாவுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் கடுத்துவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நெவ்யானாவுக்கு ஞாபகசக்தி போதாது என்று சொன்னால் அந்த ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வண்டிக்கு மூன்று கதவு. ட்ருஷ்பாவில் காலை நேரத்தில் மூன்றிலும் ஒரே சமயத்தில் கும்பல் ஏறும். யார் ஏறினார்கள், யார் டிக்கெட் வாங்கினார்கள், யார் பாஸைக் காட்டினார்கள், யார் ஜன்னல் வழியாக டான்யூப் நதியை ரசிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. அந்தக் கம்பெனிக் கண்டக்டர்களுக்குள் ஒரு ரோஷம் இருந்தது. டிக்கெட் வாங்கியவரிடம் இரண்டாம் தடவை டிக்கெட் கேட்பது அசிங்கம். கேட்டவளை மற்ற கண்டக்டர்கள் டீக்கடையில் வைத்து வாரம் முழுக்கக் கிண்டல் செய்வார்கள். நெவ்யானா ஒருவரிடமும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. ஒருதடவை பார்த்துவிட்டால் அந்த இருக்கை முடிந்தது, அடுத்ததற்குப் போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் வட்டத்திலும் முக்கோணத்திலும் விழுந்தால் அண்ணிக்குப் பொறுக்குமா? ஸ்விலேனா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. முப்பது வருஷமாக ஒன்றாம் வகுப்புதான், வேறு வகுப்பு கொடுத்தாலும் வாங்கமாட்டாள். ஓர் எழுத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதுவதற்குள் மறந்துவிடும் பிள்ளைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கென்று பயிற்சிகள் வைத்திருந்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வந்துவிட வேண்டும் என்று நாத்தனாருக்கு உத்தரவு போட்டாள். நெவ்யானாவின் அண்ணன் மித்கோ இந்த விவகாரத்தில் தலையிடாமல் முன்னறையில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அது அவனுக்குப் பழக்கமான இடம்.

முதல் நாள் கட்டம் போட்ட நோட்டு. ஸ்விலேனா வாயால் சொல்லச் சொல்ல, பென்சில் அந்தப்படி நகர வேண்டும். வலப்பக்கம் இரண்டு கட்டம், கீழே ஒன்று, இடப்பக்கம் மூன்று, மேலே ஒன்று. ஒழுங்காகச் செய்தால் கடைசியில் நாய் வரும். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன அத்தனை பேரும் இந்த நாயை வரைந்திருக்கிறார்கள். நெவ்யானாவுக்கு நாயின் முதுகில் திமில் முளைத்தது. அடுத்த நாள் தீக்குச்சிகளை அடுக்கி உருவம் செய்து, தட்டு போட்டு மூடி, அதே மாதிரி செய்யச் சொன்னாள். நெவ்யானா வீடு கட்ட வேண்டிய இடத்தில் ஏணி கட்டினாள். ஸ்விலேனா சரியாகச் செய்த பிள்ளைகளின் கையில் குத்தும் தேனீ முத்திரையை எடுத்து, யோசித்து, திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள். நெவ்யானாவுக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது.

மூன்றாவது வாரம் முட்டை அட்டை வந்தது. அதன் குழிகளில் ஒன்பதை மட்டும் விட்டு மீதியை ஸ்விலேனா கத்தரித்துவிட்டாள். ஒரு குழியில் வால்நட், ஒன்றில் பீன்ஸ் கொட்டை, ஒன்றில் சட்டைப் பொத்தான், ஒன்றில் பூண்டுப் பல். கண்கொத்திப் பாம்பாக நாத்தனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேலே மூடியிருந்த துணியை எடுத்தாள், மூடினாள். திரும்ப எடுத்தாள், மூடினாள். அப்புறம் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"நீ கண்ணால பாக்கலடி. வாயால பாக்குற."

நெவ்யானாவுக்கு விளங்கவில்லை. உதடு அசைகிறது என்றாள் ஸ்விலேனா. வால்நட், பீன்ஸ், பொத்தான் என்று மனதுக்குள் கடைச்சாமான் மாதிரி ஒப்பிக்கிறாள். ஐந்தாவது பேர் வருவதற்குள் முதல் பேர் போய்விடுகிறது. பேர் ஞாபகமிருந்தாலும் இடம் ஞாபகமில்லை. பிள்ளைகளும் இதைத்தான் செய்வார்கள். அதற்கு அவளிடம் மருந்து இருந்தது. வாய்க்கு வேறு வேலை கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளென்றால் ஏதாவது பாட்டு பாடச் சொல்வாள். நெவ்யானா பாடினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள் என்பதால், வண்டி நிற்கும் இடங்களை வரிசையாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பார்க்கச் சொன்னாள்.

நெவ்யானா சொன்னாள். துறைமுகம், மீன் சந்தை, பழைய ஆலை, தபால் நிலையம். தினம் நூறு தடவை சொன்ன பேர்கள், வாய் தன்பாட்டில் ஓடியது. துணி விலகியது. வாய் தபால் நிலையத்தைத் தாண்டும்போது கண்ணுக்கு முன்னால் முட்டை அட்டை இல்லை. மூன்று வரிசை இருக்கைகள் இருந்தன. முன்வரிசை ஜன்னலோரம் வால்நட், முதுகு சுருங்கிய கிழவராக உட்கார்ந்திருந்தது. பூண்டுப் பல் நடுவரிசையில், தோளில் பையோடு. துணியை மூடிய பிறகும் ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒன்பதில் எட்டைச் சரியாகச் சொன்னாள். அன்று அவள் கையில் தேனீ விழுந்தது. அதைக் கழுவாமல் மறுநாள் வேலைக்குப் போனாள், டிரைவர் கெனாதி பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போடுகிறார்களா என்று கேட்டான்.

அதற்குப் பிறகு வட்டம் என்றால் ட்ருஷ்பாவில் ஏறும் பருத்த பேக்கரிக்காரி. முக்கோணம் தலையில் முக்காடு போட்ட பையன். சிலுவை என்றால் சர்ச்சிலிருந்து வரும் பாதிரியார், நெளிகோடு வெள்ளிக்கிழமைக் குடிகாரன். நெவ்யானா உருவங்களை வரிசையாக ஏற்றி உட்கார வைத்தாள். முதல் பலகை பிரமாதமாகப் போகும். இரண்டாவது பலகையில் சொதப்பல். முந்தின பலகைப் பேக்கரிக்காரி எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருப்பாள், அவள் மடியில் புது முக்கோணம் உட்காரும். சிலேட்டைத் துடைக்காமல் மேலேயே எழுதுகிறாய் என்று ஸ்விலேனா திட்டினாள். இந்த மாதிரி ஞாபகத்தில் வைத்துக்கொள்வது பாதி வேலைதான், காலி செய்வது மீதி வேலை, அதற்கும் பழக வேண்டும் என்றாள். துடைப்பது எப்படி என்று நெவ்யானாவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பலகை முடிந்ததும், "கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க" என்றாள். எல்லாரும் இறங்கினார்கள்.

எல்லாரும் அல்ல. அதை முதலில் கண்டுபிடித்தது ஸ்விலேனாதான். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குவிந்து கிடந்த தாள்களை அடுப்பில் போடலாம் என்று எடுத்தவள், போடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். தப்புகள் குறைந்திருந்தன. ஆனால் மீதமிருந்த தப்பு எல்லாம் ஒரே இடத்தில். கீழ்வரிசை, இடது ஓரம். அந்தக் கட்டம் காலியாக இருக்கும். இல்லையென்றால் ஏதாவது ஒன்றைக் கிறுக்கி அடித்திருக்கும். அதை நிரப்பப் போராடிய தாள்களில் பக்கத்துக் கட்டங்களும் சேர்ந்து குழம்பியிருந்தன. ஸ்விலேனா அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இங்க யாருடி உக்காந்திருக்கா?"

யாருமில்லை என்றாள் நெவ்யானா. காப்பியைக் கலக்கினாள், சர்க்கரை போட்டிருக்கவில்லை, அதையே கலக்கிக்கொண்டிருந்தாள். ஸ்விலேனா விரலை எடுக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பொய் சொன்னால் ஆசிரியை இப்படித்தான் காத்திருப்பாள் போலிருக்கிறது. கடைசியில் நெவ்யானா சொன்னாள்.

பின்வரிசை இடது ஜன்னல் இருக்கைக்குக் கீழேதான் வண்டியின் ஹீட்டர். குளிர்காலத்தில் ஓய்வூதியக்காரர்கள் அந்த இடத்துக்குப் போட்டி போடுவார்கள். வீட்டில் ஹீட்டர் போட்டால் மின்கட்டணம் கட்டி முடியாது. பாஸ் இருக்கிறது, வண்டி சூடாக இருக்கிறது, துறைமுகத்துக்கும் ட்ருஷ்பாவுக்கும் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருக்கலாம். கடைசி ஸ்டாப்பில் எல்லாரையும் இறக்கிவிட வேண்டும் என்பது விதி. அந்தக் குளிரில் எந்தக் கண்டக்டரும் விதியைப் பார்ப்பதில்லை, நெவ்யானாவும் பார்த்ததில்லை. டாச்சோ தாத்தா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். வாயாடாத மனிதர், தனிக்கட்டை. முந்தின வருஷம் ஜனவரியில் ஒருநாள் காலை ஏறினார், பாஸைக் காட்டினார், அந்த இருக்கையில் உட்கார்ந்தார், தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினார். வண்டி போனது, வந்தது, போனது. பனி கொட்டிய நாள், கும்பல் தாங்கவில்லை. நெவ்யானா அந்த வரிசைக்கு எத்தனையோ தடவை போனாள். ஷிப்ட் முடியும்போது கெனாதி, அந்தப் பெரியவரை எழுப்பிவிடு என்றான். அவள் போய்த் தோளைத் தொட்டாள்.

உயிர் போய் வெகுநேரம் ஆகியிருக்கும் என்றார் ஆம்புலன்சில் வந்த டாக்டர். முன்பே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நெவ்யானாவை ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் அவருடைய மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது, அதே தொப்பியோடு எடுத்த படம். மழையில் ஊறிக் கிழியும்வரை மாதக்கணக்கில் அது அங்கேயே இருந்தது. தினம் அவள் அந்தக் கம்பத்துக்கு எதிரில்தான் இறங்கி ஏறினாள்.

"அவர்கிட்ட பாஸ் இருக்குன்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சு அண்ணி. அதான் பாக்கல." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஞாபகம் இல்லேன்னா கேட்டிருப்பேன். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஸ்விலேனா வாய்த்துடுக்கானவள், எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்று எழுந்து போய் ஆறிப்போன காப்பியைக் கொட்டிவிட்டு வேறு போட்டுக்கொண்டு வந்தாள். உன் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம், நல்லவேளை, சொல்லவில்லை. அந்த வார்த்தை எவ்வளவு மலிவு என்பது முப்பது வருஷம் பிள்ளைகளைத் தேற்றியவளுக்குத் தெரிந்திருந்தது. சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு வேலைப் பேச்சுக்கு வந்தாள்.

"அந்த இடத்துல யாரையும் உக்கார வெக்காத. நிரப்பணும்னு மல்லுக்கட்டாத, அவர் பாட்டுக்கு இருக்கட்டும். உனக்கு ஏழு போதும்டி, எட்டு வருது."

நல்ல யோசனை. அந்த மாதம் முழுக்க நெவ்யானா அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. மற்ற எட்டிலும் ஆட்களை ஏற்றினாள், இறக்கினாள். தாளில் எட்டு உருவம் வரைந்து, கீழ்வரிசை இடது ஓரத்தை வெறுமையாக விட்டாள். ஒரு பலகை, மூன்று பலகை, ஐந்து பலகை என்று ஸ்விலேனா அடுத்தடுத்துக் கொடுத்தும் தடுமாறவில்லை. பழக்கத்தில் வேகம் வந்துவிட்டது. டாச்சோ தாத்தா தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவர் இடத்தில் இருந்தார். அந்த ஏற்பாடு இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். நெவ்யானாவுக்கு அந்த நாட்களில் கொஞ்சம் நன்றாகத் தூக்கம்கூட வந்தது.

மூன்றாவது டெஸ்ட் மார்ச் முதல் வாரம். மார்ச் பிறந்தால் கட்டும் வழக்கப்படி ஊரே மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் கட்டிக்கொண்டு திரிந்தது, நெவ்யானாவும் இலியானா அனுப்பியதைக் கட்டியிருந்தாள். பரிசோதகர் புதியவர், கலோயன் என்று பேர், முப்பது வயதிருக்கும். அவர் கையிலும் நூல் இருந்தது. விளக்கு, மணி, பெடல் எல்லாம் முடிந்து பலகை வந்தது. நெவ்யானா ஏற்றினாள், உட்கார வைத்தாள், வரைந்தாள். எட்டு. இறங்கச் சொன்னாள். இரண்டாவது பலகை, எட்டு. மூன்றாவது, எட்டு. பென்சிலைக் கீழே வைத்தபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது. மதியம் மகளுக்கு போன் பண்ண வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டாள்.

கலோயன் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அண்ணி விரல் வைத்த அதே இடத்தில் அவரும் பேனா முனையை வைத்தார்.

"மூணுலயும் இதே கட்டம்தான் காலி மேடம். எப்பவும் இப்படியா?"

ஆமாம் என்று அந்த நாட்டு வழக்கப்படி தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டாள். ஆட்டியிருக்கக் கூடாது. மார்க்கு போதும், தேர்ச்சிதான், ஆனால் இது கண் கோளாறாக இருக்கலாம் என்றார் கலோயன். சிலருக்குப் பார்வையின் ஓரத்தில் ஒரு துண்டு தெரியாது, தெரியவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை ரோட்டில் இறங்கினால்? அவர் கேட்டது நியாயம். கையெழுத்துப் போட முடியாது, கண் ஆஸ்பத்திரிக்கு எழுதித்தருகிறேன் என்று தாளை இழுத்தார். அங்கே தேதி கிடைக்க எவ்வளவு நாளாகும் என்று நெவ்யானா கேட்டாள். மே மாதம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றார். ஈஸ்டர் ஏப்ரலில் வருகிறது. ஏப்ரலோடு பயிற்சியில் சேரும் தேதியும் முடிந்துவிடும்.

நெவ்யானாவின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் என்ன கோளாறு என்று கேட்பார். செத்துப்போன பெரியவர் ஒருவர் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் அங்கே வேறு யாரையும் உட்கார வைப்பதில்லை என்று, எந்த ஊரில் எவள், சைக்கோ டெஸ்ட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்வாள்? சொல்பவளை நம்பி எந்தக் கம்பெனி நூறு பேர் ஏறும் வண்டியைக் கொடுக்கும்? வாயை மூடிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்து கலோயனுக்கு மனம் இளகியிருக்க வேண்டும்.

"இன்னொரு பலகை காட்டறேன் மேடம். அந்தக் கட்டத்துல இருக்கறது சரியா வந்துட்டா கண்ணுக்கு ஒண்ணுமில்லேன்னு அர்த்தம். இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். வரலேன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்."

பலகை வந்தது. எட்டையும் பழக்கப்படி உட்கார வைத்தாள். இடது ஓரத்தில் இருந்தது பிறை. பிறைக்கு என்று அவளிடம் ஆள் இல்லை, மெலிந்த ஒரு பெண்பிள்ளையாக வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்பிள்ளை இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கலோயன் பலகையை எடுத்துவிட்டார். நெவ்யானா பென்சிலைத் தொடவில்லை. வண்டிக்குள் பின்வரிசைக்கு நடந்தாள்.

கடைசி ஸ்டாப் என்று பொதுவாகக் கத்திப் பயனில்லை, அதற்கெல்லாம் அவர் இறங்கியதில்லை. முகத்தைப் பார்த்தாள். போன வருஷம் பார்க்காத முகம். மோவாய் நெஞ்சில் படிந்திருந்தது, மீசையில் நரை, காதோரம் சவரக்கத்தி பட்ட காயம். இது உண்மையில் பார்த்ததா, அந்த அறிவிப்புப் படத்திலிருந்து வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. தோளில் கை வைத்தாள். இடம் வேண்டும் தாத்தா, இறங்கிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டார். பின்கதவு திறந்தது.

பிறையை வரைந்தாள். மற்ற எட்டையும் வரைந்தாள். ஒன்பதும் சரி. கலோயன் சந்தோஷமாகச் சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, குலுக்கக் கையை நீட்டினார். அவள் கை சில்லிட்டிருந்தது. பதற்றம்தான், எல்லாருக்கும் இருக்கும் என்று அவரே சமாதானமும் சொன்னார்.

நல்லது நடந்தால் நாலு பேருக்கு இனிப்புக் கொடுக்க வேண்டும். வெளியே வந்து பெரிய சாக்லேட் பெட்டியாக ஒன்று வாங்கினாள். டிப்போவில் கெனாதிக்கும் மற்ற டிரைவர்களுக்கும் நீட்டினாள். இனி எங்கள் வண்டிக்கெல்லாம் நீதான் எமன் என்று அவர்கள் கலாய்த்தார்கள். அவளும் சிரித்தாள். இலியானாவுக்கு போன் பண்ணினாள். இத்தாலி இல்லை, அம்மா டிரைவர் என்று மகள் அந்தப் பக்கம் துள்ளினாள். இதெல்லாம் பொய்யான சந்தோஷமல்ல. வேலை தப்பியது, மகளின் படிப்பு தப்பியது, அதற்கு அவள் நிஜமாகவே மகிழ்ந்தாள்.

சாயங்காலம் மீதி சாக்லேட்டோடு அண்ணி வீட்டுக்குப் போனாள். அந்த வருஷத்தின் முதல் வெயில், ஸ்விலேனா சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். நாத்தனாரின் கையிலிருந்த சீல் குத்திய தாளைப் பிடுங்கிப் படித்தாள், நெற்றியில் முத்தமிட்டாள், ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாய் என்றாள். எட்டு போட்டாயா என்று கேட்டாள். ஒன்பது என்றாள் நெவ்யானா. ஸ்விலேனா தாளை மேசைமேல் வைத்தாள். நெவ்யானா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாஸாயிட்டேல்ல? அப்புறம் ஏண்டி அழற?"

"ஒரு வார்த்தை சொல்லல அண்ணி அவரு. எந்திரிச்சு இறங்கிட்டாரு. வெளில பனி கொட்டுது."